எட்டாம் இடமும் மூன்று பயிற்சியாளர்களும்



சென்னையின் எஃப்சி கால்பந்து அணி பற்றி நாம் வெளியிட்ட சிறு குறிப்புக்குக் கடிதங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பெண்ணாடத்திலிருந்து, மங்கலம்பேட்டையிலிருந்து, நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து. பயிற்சியாளர் ஓவன் காயில் போனது நல்லது என்று பாதிப் பேர். இன்னும் ஒரு சீசன் கொடுத்திருக்கலாம் என்று மீதிப் பேர். பந்தாட்டம் பார்க்க இங்கிருந்து எழும்பூருக்கு ரயிலேறி, ஆட்டம் முடிந்ததும் ராத்திரி வண்டியைப் பிடித்து, நேரங்கெட்ட நேரத்தில் ஜங்ஷனில் வந்து இறங்கும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் கோபப்பட்டால் அதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும்.

பயிற்சியாளரை மாற்றினால் அணி எழுந்துவிடும் என்று நம்புகிறவர்கள் எல்லோரும் சொல்வது 2019-ஐத்தான். அந்த சீசனில் முதல் நான்கு ஆட்டங்களில் நம் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டம் முடிந்தபோது கையில் ஐந்தே புள்ளி. பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார், டிசம்பரில் காயில் வந்தார். பிறகு நடந்ததை நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்றைக்கும் கண் பளபளக்கச் சொல்கிறார்கள். நான்காம் இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று முடித்தது, 2020 மார்ச்சில் ஆளில்லாத மைதானத்தில் இறுதி ஆட்டம். ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றோம். ஆனாலும் அது பெரிய பயணம்.

ஒன்றை மட்டும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ், அவருக்குப் பந்தை ஊட்டிக்கொண்டே இருந்த கிரிவெல்லாரோ இருவரும் கிரிகரி காலத்திலேயே வந்து சேர்ந்தவர்கள். போனவர் சேர்த்துவைத்த ஆட்களை வைத்துத்தான் வந்தவர் ஜெயித்தார். காயிலின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுத்து ஜாம்ஷெட்பூருக்குப் போய், 2022-இல் அந்த அணிக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் கிரிகரிக்கு வரவேண்டிய பங்கை அவர் பெயரில் யாருமே எழுதவில்லை. 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் சொந்த மைதானத்தில் 3-2 என்று வென்று கோப்பை வாங்கித் தந்த கிரிகரியே, அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் ஒன்பது புள்ளியோடு கடைசி இடத்தில் நின்றார். பயிற்சியாளர் அதே ஆள்தான். அவரைச் சுற்றி இருந்ததில் எது மாறியது என்று அப்போது யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போன பிறகு வந்த மூன்று சீசன்கள். 2020-21-இல் ஹங்கேரிக்காரர் சாபா லாஸ்லோ: எட்டாம் இடம். 2021-22-இல் மாண்டினீக்ரோவின் பாண்டோவிச், கோவாவிடம் 5-0 என்று வாங்கிய அடிக்குப் பிறகு அவர் போக, மிச்ச ஆட்டங்களுக்கு நம் சையத் சாபிர் பாஷா: எட்டாம் இடம். 2022-23-இல் ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச்: மறுபடியும் எட்டாம் இடம். மூன்று நாட்டு ஆட்கள், மூன்று விதமான ஆட்டமுறை, அட்டவணையில் ஒரே வரி. லாஸ்லோவும் பாண்டோவிச்சும் இருந்த இரண்டு சீசனும் கொரோனாவால் முழுக்க கோவாவில் நடந்தவை; நம் அணியின் ஆட்டங்களுக்குக் கூட்டமே இல்லை. சென்னையில் நம் சனத்தின் முன்னால் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமலே அவர்கள் திரும்பிப் போனார்கள். அவர்களைத் திட்டும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சை நம் செராமிக் தொழிற்பேட்டைக்குள் ஒரு கொட்டகையில் கேட்டேன். கொலு பொம்மை சீசன். பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார்கள் பலகையில் வரிசையாக நிற்க, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் எழும்பி நிற்கும் கோட்டை இருவர் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவிக்கொண்டிருந்தார்கள். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை.

"அண்ணே, அந்த ஆள மாத்துனாத்தான் டீம் உருப்படும்."

"மாத்திக்கிட்டேதானடா இருக்கானுவ. கலவையே சரியில்லன்னா சூளையில நிக்கிறவன மாத்தி என்ன பண்றது?"

"2019-ல மட்டும் எப்படிண்ணே?"

"அன்னிக்குக் கலவ நல்லா இருந்திச்சி, தம்பி."

நான் மேலே நீட்டி முழக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மாற்றமே கூடாது என்பவர்கள் சொல்வது 2015. பத்து ஆட்டம் முடிந்து ஆறில் தோற்றிருந்த அணியை அப்போதைய பயிற்சியாளர் மடராஸியின் கையிலேயே விட்டுவைத்தார்கள். மிச்சமிருந்த நான்கு ஆட்டத்தையும் வென்று அரையிறுதிக்குப் போனோம். சென்னையே வெள்ளத்தில் தத்தளித்த நேரம் அது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் 87-ஆம் நிமிடத்துக்குப் பிறகும் கோவாவைவிட ஒரு கோல் பின்தங்கியிருந்து 3-2 என்று ஜெயித்தார்கள். பொறுமைக்குக் கிடைத்த பலன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெண்டோசா என்று ஒருவர் அந்த சீசனில் 13 கோல் அடித்ததையும் கூடவே சொல்ல வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட்டில் பெர்குசனுக்கு லீக் பட்டம் கிடைக்க ஆறரை ஆண்டு ஆனதே என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அந்த ஆண்டுகளில் அவர் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வளர்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்த காலம் வெறுமனே கழியவில்லை.

காயில் இரண்டாவது முறை வந்தார். 2023-24-இல் ஆறாம் இடம், பிளே-ஆஃப். அடுத்த சீசனில் 13 அணிகளில் பதினோராவது. 2025-இல் அவர் போய், கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். கோவாக்காரர், இந்திய அணியின் முன்னாள் நடுக்கள வீரர், 2023 ஏப்ரலில் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். நம் அணி ஓர் இந்தியரை முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியது இதுவே முதல் முறை. எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். சென்னையில் பிறந்து, இந்தியன் வங்கிக்கு ஆடி, நாட்டுக்காகக் கோல் அடித்து, பிறகு இந்த அணியிலேயே ஆண்டுக்கணக்கில் உதவிப் பயிற்சியாளராக இருந்த சாபிர் பாஷாவுக்கு இடைக்காலம் மட்டுமே கிடைத்தது என்ற வருத்தமும் உண்டு.

மிராண்டா வந்த நேரத்தைப் பாருங்கள். கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை அப்போது நடத்திவந்த நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தச் சிக்கல். வழக்கமான மாதத்தில் லீக் தொடங்கவே இல்லை. எப்போது ஆட்டம் என்றே தெரியாமல் ஓர் அணியைத் தயார்செய்ய வேண்டிய நிலை எந்தப் பயிற்சியாளருக்கும் வரக்கூடாது. ஆகவே மிராண்டாவை முதல் சில ஆட்டங்களின் முடிவை வைத்து எடைபோட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இந்திய மகளிர் அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் நம் கடலூர்ப் பெண். 2018-இல் மணிப்பூரைத் தோற்கடித்து தமிழ்நாடு தேசிய மகளிர் பட்டத்தை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். அந்த வெற்றிக்கு நம் மாவட்டத்தில் எத்தனை டீக்கடை விடிய விடியப் பேசியது? சென்னையின் பயிற்சியாளர் நாற்காலியில் யார் உட்கார்ந்தால் நல்லது என்பதில் நமக்கிருக்கும் சூட்டில் பாதி, நம் பள்ளிக்கூட மைதானத்தில் கோல் போஸ்ட் நிற்கிறதா என்பதிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். பயிற்சியாளரைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த ஆட்டம், எந்த முடிவு தவறு, நீங்களாக இருந்தால் யாரை இறக்கியிருப்பீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். உங்கள் ஊரில் பிள்ளைகள் எந்த இடத்தில் பந்து ஆடுகிறார்கள் என்றும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள், போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்