வரகுக்கோழியின் மற்ற எட்டு மாதங்கள்

கானமயில் குடும்பத்திலேயே சிறிய பறவைக்குத் தமிழில் வரகுக்கோழி என்று பெயர். மெட்ராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 19ஆம் நூற்றாண்டிலேயே தம் இந்தியப் பறவைகள் நூலில் அந்தப் பெயரைக் குறித்துவைத்தார். வரகுக் கொல்லைகளில் பார்த்துப் பழகியவர்கள்தான் அப்படி அழைத்திருக்க முடியும். ஆனால் இன்று நம் ஆய்விதழில் நாம் வெளியிடும் வாழிடப் பொருத்த வரைபடங்களில் தென்னிந்தியா பெரும்பாலும் வெள்ளையாகக் கிடக்கிறது.

காரணம் தரவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அஜ்மீர், வேளாவதர், சைலானா புல்வெளிகளிலும் வயல்களிலும் ஆண் பறவை புல்லுக்கு மேலே எழும்பி எழும்பிக் குதிக்கிறது. அப்போதுதான் கணக்கெடுப்பவர் கண்ணில் படுகிறது. பெண் பறவையோ அரிதாகவே தென்படுகிறது. மழைக்காலம் முடிந்ததும் பல பறவைகள் தெற்கும் தென்கிழக்குமாகச் சிதறுகின்றன. குதிப்பு நின்றுவிடுகிறது, பதிவுகளும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. இந்தப் பதிவுப் புள்ளிகளை மேக்ஸ்என்ட் என்ற வாழிடக் கணிப்பு மென்பொருளில் இட்டால், ஆண் பறவை குதிக்கும் இடம் எது என்பதை அது நன்றாகவே கற்றுக்கொள்ளும். அந்த விடையை 'இவ்வினத்தின் வாழிடம்' என்று தலைப்பிட்டு அச்சிடுகிறோமே, பிழை அங்கேதான்.

குதிக்கும் பருவத்துக்குள்ளேயும் சிக்கல் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் அதே புல்வெளிக்கு வரும் பறவைகள் வெகுவாகக் குறைகின்றன. அப்படியிருக்க, 1970 முதல் 2000 வரையிலான சராசரித் தட்பவெப்பத்தை வைத்து இந்தப் பறவையைக் கணிப்பது எப்படிப் பொருந்தும்? அந்தந்த ஆண்டின் மழை, அது பெய்து சில வாரங்களில் எழும் புல் ஆகியவைதான் மாறிகளாக வேண்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் தந்தாலும், நமக்குத் தேவையான ஜூலை, ஆகஸ்டில் மேகம் மூடிக்கொள்கிறது. பசுமைக் குறியீட்டின் இடைவெளிகளைச் சராசரியால் நிரப்புவதைவிட, மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் தரவைச் சேர்ப்பது மேல். அதைச் செய்துபார்க்கும் கட்டுரைகள் நமக்கு மிகக் குறைவாகவே வருகின்றன.

மற்ற எட்டு மாதங்களுக்கு இருக்கும் சொற்பப் பதிவுகளும் சாலையோரம், ஏரிக்கரை, நகரத்தின் புறம் என்று பறவை ஆர்வலர் போகும் இடங்களையே சார்ந்தவை. இப்பதிவுகளோடு மாதிரி ஒப்பிடும் பின்னணிப் புள்ளிகளை இந்தியா முழுவதிலிருந்தும் எடுத்தால், மாதிரியின் பிரித்தறியும் திறனை அளக்கும் ஏயூசி மதிப்பு உயர்ந்து நிற்கும். இமயப் பனியையும் கேரளக் காட்டையும் புல்வெளியிலிருந்து பிரித்துக் காட்டுவதில் என்ன திறமை இருக்கிறது? வானம்பாடி, காடை, பூனைப்பருந்து ஆகியவற்றின் பதிவுகள் உள்ள இடங்களிலிருந்து பின்னணியை எடுங்கள். சரிபார்ப்பை நிலத்தொகுதி வாரியாகப் பிரித்துச் செய்யுங்கள். ஏயூசி மதிப்பு குறைந்தால் குறையட்டும். அதனால் கட்டுரையை நாங்கள் நிராகரிக்க மாட்டோம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், நம் வரைபடம் ஆய்விதழோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான். 2021இல் இப்பறவை மிக அருகிய இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. புல்வெளிகளோ அரசுக் கணக்கில் இன்னும் தரிசு. சூரிய மின் பூங்காவுக்கும் உயரழுத்த மின்கம்பிக்கும் இடம் தேடுபவர் நம் வெள்ளைப் பகுதியைப் பார்த்து 'இங்கே பறவை இல்லை' என்று படிக்கிறார். நாமோ அங்கே தேடியதே இல்லை. தாழப் பறக்கும் கானமயில் மின்கம்பியில் மோதிச் சாவதைப் பார்த்த பிறகும் 'பறவை இல்லை' என்பதையும் 'தேடவில்லை' என்பதையும் ஒரே நிறத்தில் அச்சிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, வலசை போகும் புல்வெளிப் பறவைகளின் வரைபடம் எந்த மாதங்களுக்கு உரியது என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். தரவு இல்லாத பகுதி கோடிட்டுக் காட்டப்பட வேண்டும், வெள்ளையாக விடக்கூடாது. தக்காணத்திலும் தமிழகத்திலும் களத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அக்டோபர் முதல் மே வரை புல்வெளிக்கும் சிறுதானியக் கொல்லைக்கும் போய், வரகுக்கோழி கண்ணில் படாமல் திரும்பிய நாட்களின் முழுப் பட்டியல்களையும், நடந்த தூரம், நேரம் ஆகியவற்றோடு பதிவேற்றுங்கள். வரைபடத்தின் தெற்குப் பகுதியை அவற்றைக் கொண்டுதான் தொடங்க முடியும்.