ரிசர்வ் வங்கிக்கு இனிஷியல்

இந்திய ரிசர்வ் வங்கிக்கு இனிஷியல் உண்டா? உண்டு என்கிறது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். ஆய்வேட்டின் நூற்பட்டியலில் ஆசிரியர் என்ற இடத்தில் வங்கியின் ஆங்கிலப் பெயரை அப்படியே தட்டி, பெயர்களைச் சுருக்கும் பாணியையும் தேர்ந்தெடுத்தால், ‘ஆர்.பி. ஆஃப் இந்தியா’ என்று அச்சாகிறது. அதாவது ‘இந்தியா’ குடும்பப் பெயர். ‘ரிசர்வ்’, ‘பேங்க்’ இரண்டும் பெற்றோர் வைத்த பெயர். கல்கத்தாவின் புகழ்பெற்ற புள்ளியியல் கழகமும் தப்பவில்லை. அது ‘ஐ.எஸ். இன்ஸ்டிட்யூட்’.

புரோகிராமின் பெயர் பிப்டெக். அமெரிக்கக் கணிப்பொறி மேதை டொனால்ட் க்னூத் 1978ல் உருவாக்கிய ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு சாஃப்ட்வேரின் குடும்பத்தைச் சேர்ந்தது. 80களில் லெஸ்லி லாம்போர்ட் அதை எளிதாக்கி லாடெக் ஆக்கினார். 1985ல் ஓரன் படாஷ்னிக் எழுதிய பிப்டெக் அதன் துணைக்கு வந்தது. கணிதம், இயற்பியல், கம்ப்யூட்டர் துறை மாணவர்களுக்கு இன்றும் இவைதான் கதி.

காரணம், வசதி. நூல் விவரங்களை ஒருமுறை பதிந்து வைத்தால் போதும். மேற்கோள் வரும் இடத்தில் ஒரு குறிச்சொல்லைத் தட்டினால் எண் போடுவது, அகரவரிசைப்படுத்துவது, சாய்வெழுத்து எல்லாம் தானே நடந்துவிடும். வேறொரு பத்திரிகை வேறு பாணி கேட்டால் ஒரே ஒரு வரியை மாற்றினால் ஆயிற்று. டைப்ரைட்டர் காலத்தில் முந்நூறு நூல்களின் பட்டியலைத் திரும்பத் திரும்ப அடித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் இந்த சாமர்த்தியம் ஐரோப்பியப் பெயர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. கமா இல்லாவிட்டால் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்பது அதன் விதி. நடுவில் சிறிய எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால், ஜெர்மன் பிரபுக்களின் ‘ஃபான்’ போல அதுவும் குடும்பப் பெயரோடு சேர்த்தி. ரிசர்வ் வங்கி ‘ஆர்’ வரிசையில் இல்லாமல், ‘ஆஃப்’ என்ற சொல்லுக்குரிய ‘ஓ’ வரிசையில் போய் உட்காருவது இப்படித்தான்.

வங்கிக்கு நஷ்டமில்லை. மனிதர்களுக்கு உண்டு. தமிழர்களுக்குப் பொதுவாகக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல் தந்தையுடையது. செஸ் வீரர் ஆனந்தை அவருடைய அப்பா விஸ்வநாதனின் பெயரைச் சுருக்கி ‘விஷி’ என்று வெளிநாட்டவர் அழைக்கத் தொடங்கியது இந்தக் குழப்பத்தால்தான். ஆந்திராவில் நேர் தலைகீழ். அங்கே வீட்டுப் பெயர் முன்னால் வரும். புள்ளியியல் மேதை சி.ஆர். ராவின் ‘சி’, அதாவது கல்யம்புடி, தான் குடும்பப் பெயர். ஆனால் அவரது 1945ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிறந்த கருத்தை உலகம் ‘க்ராமர்-ராவ்’ என்றே அறியும்.

சி.வி. ராமன் பாணியில் இனிஷியலை முன்னால் போட்டுக்கொண்டவர்கள் தற்செயலாகப் பிழைத்தார்கள். கடைசிச் சொல் அவர்கள் பெயராகவே அமைந்துவிட்டது. இன்றைய தலைமுறையின் பாடுதான் திண்டாட்டம். ராமசாமியின் மகள் கவிதா என்று ஓர் ஆராய்ச்சியாளரைக் கற்பனை செய்துகொள்ளலாம். ‘ஆர். கவிதா’ என்று எழுதினால் பிரச்னை இல்லை. கல்லூரிச் சான்றிதழில் உள்ளபடி ‘கவிதா ஆர்.’ என்று பதிந்தால், சுருக்கும் பாணியில் அது ‘கே. ஆர்.’ ஆகிவிடும். பெயரே போய் இரண்டு இனிஷியல்கள் மட்டும் மிஞ்சும். பாஸ்போர்ட்டுக்காகத் தந்தை பெயரைப் பின்னால் சேர்த்திருந்தால் ‘கே. ராமசாமி’. ஆராய்ச்சி மகளுடையது, புகழ் அப்பாவுக்கு.

இது வேடிக்கை மட்டுமல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2010ல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தது. விதிகள் பிறகு மாறினாலும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. ஒருவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கு நூற்பட்டியல்களிலிருந்துதான் வருகிறது. ஒரு கவிதா மூன்று பேராகப் பிரிந்தால், கணக்கும் மூன்றாகச் சிதறும். ஆராய்ச்சியாளர்களுக்குப் பதினாறு இலக்க எண் தரும் ‘ஆர்க்கிட்’ திட்டம் 2012ல் வந்தது இதுபோன்ற குழப்பங்களைத் தீர்க்கத்தான். ஆனால் எண் வாங்கியவர்களுக்கே அது உதவும். பழைய கட்டுரைகளின் பட்டியலில் அச்சானது அச்சானதுதான்.

பரிகாரம் பிப்டெக்கிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இன்னொரு ஜோடி நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டால் புரோகிராம் அதைப் பிரிக்காது. ‘கவிதா, ஆர்.’ என்று கமா போட்டு எழுதினால், கமாவுக்கு முன்னால் உள்ளதே முக்கியப் பெயர் என்று புரிந்துகொள்ளும். ஆனால் இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே ‘அண்ட்’ போடாமல் கமா போட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பட்டியல் முறையில், வரிசைப்படுத்த வேண்டிய சொல் முன்னால் வரும். மற்றவை அடைப்புக்குறிக்குள் போகும். எது அந்தச் சொல் என்பதை நூலகர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். அந்த யோசனையை எந்த சாஃப்ட்வேரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது சொன்னதைச் செய்யும். கவிதா யார், ராமசாமி யார் என்பதைத் தட்டச்சு செய்பவர்தான் சொல்ல வேண்டும்.