குளிர்காய்வதும் வீட்டைச் சூடாக்குவதும்

2025ஆம் ஆண்டு ஜனவரியில் மூன்று வாரங்கள் லண்டனில் எனது தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தேன். விமான நிலையத்திலிருந்து அதிகாலையில் வந்து சேர்ந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைத்தபோது, வெளியில் இருந்த குளிரே உள்ளேயும் இருந்தது. கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு போர்வை என்ற கோலத்தில் அக்கா என்னை வரவேற்றார். சுவரோரமாக இருந்த ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாகக் குளிர்ந்து கிடந்தது.

"அதை நான் இப்ப போடுறேல்லைத் தம்பி. இஞ்ச வந்து இதுக்கு முன்னால இரு" என்று அவர் கைகாட்டிய இடத்தில், மரநிறம் பூசிய சின்ன அலுமாரி போன்ற ஒரு பெட்டி சில்லுகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் முகப்பில் செந்நிற ஒளி தெரிந்தது. செங்கீழ்க் கதிர் மின்சூடேற்றி. வீட்டின் எந்த அறைக்கும் தள்ளிச் செல்லக்கூடியது.

தேநீருக்குப் பின் அக்கா மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அந்தப் பெட்டியை வாங்கத் தூண்டியது அதுதான். செய்தித் தலைப்புப் போலவே தலைப்பு. செய்தியைப் போலவே பத்தி பிரிப்பு. போர்வையின்றிச் சிரித்துக்கொண்டிருக்கும் முதிய தம்பதியரின் படம். பொறியியலாளர் ஒருவர் கூறியதாக ஒரு மேற்கோள். வீடு முழுவதையும் இது சூடாக்கும், சூடேற்றும் செலவைப் பாதியாகக் குறைக்கும் என்பது சாரம். பக்கத்தின் உச்சியில், பூதக்கண்ணாடி வேண்டிய அளவில், விளம்பரம் என்ற சொல்லும் இருந்தது. அக்கா அதைக் காணவில்லை. எழுபத்தேழு வயதுக் கண்கள் காணும்படி அது அச்சிடப்படவும் இல்லை.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இந்த வித்தை புதிதன்று. அமெரிக்காவில் 2008, 2009 குளிர்காலங்களில் இத்தகைய மின்சூடேற்றிகளுக்கான முழுப்பக்க விளம்பரங்கள் செய்தியின் உருவத்தில் பத்திரிகைகளில் வெளிவந்தன. நிதி நெருக்கடியினால் பத்திரிகைகளின் வருமானம் சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்களை மட்டும் விட்டுவிட முடியுமா? நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், மூட்டுவலித் தைலம் ஒன்றின் விளம்பரத்தைச் சுகாதாரப் பக்கக் கட்டுரையின் எழுத்திலேயே போடவேண்டும் என்று விளம்பரப் பகுதியினர் வந்து நின்றார்கள். ஆசிரியபீடத்தில் அன்றிரவு பொறுப்பாக இருந்தவன் நான். ஒரு மணிநேரம் வாதாடினேன். பிறகு பக்கத்தை விட்டுக்கொடுத்தேன். அந்தத் தைலத்தை நம்பி வாங்கியவர்களுள் யாருடைய அக்காமார் இருந்தார்களோ தெரியாது. ஆகவே பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எனது அக்காவைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

செங்கீழ்க் கதிர் (தமிழகத்தில் அகச்சிவப்புக் கதிர் என்பர்) மாயமன்று. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை அரியத்தினால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில், வெப்பமானி இன்னும் உயர்ந்தது. அவர் வாழ்ந்த ஸ்லவ் நகரம் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அண்மையிலேயே இருக்கிறது. வெயிலில் முதுகு காய்வதும், அடுப்புத் தணலின் முன் முகம் சுடுவதும் பெருமளவில் இக்கதிரினாலேயே. இடையிலுள்ள காற்றைப் பெரிதும் சூடாக்காமல், தான் படும் பொருளைச் சூடாக்குவது இதன் இயல்பு.

இதுவரை விளம்பரக்காரர் சொல்வது சரி. பிழை இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. மின்சாரத்தைக் கம்பியிலோ குழாயிலோ செலுத்தி வெப்பமாக்கும் கருவி எதுவாயினும், ஓர் அலகு மின்சாரத்திலிருந்து ஓர் அலகு வெப்பத்தையே தரும். அதற்கு மேல் தராது, தரவும் இயலாது. 1500 வாற்று என்று எழுதப்பட்ட இருபது பவுண் விசிறிச் சூடேற்றியும், அதே 1500 வாற்றுக்குரிய இருநூறு பவுண் செங்கீழ்க் கதிர்ப் பெட்டியும் ஒரு மணிநேரத்தில் உண்பது ஒன்றரை அலகு. உமிழ்வதும் ஒன்றரை அலகு. மிகுதி நூற்றெண்பது பவுண் மரநிறத்துக்கும் சில்லுகளுக்கும் பத்திரிகைப் பக்கத்துக்குமான விலை. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துத் தரும் வெப்பப் பம்பி என்ற இயந்திரம் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு அளவில் வெப்பம் தரவல்லது. அது வேறு சாதி. அதைச் சில்லில் வைத்து அறைக்கு அறை தள்ளிக்கொண்டு திரிய இயலாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்காவின் பெட்டி போன்றவற்றைத் திறந்து பார்த்தால், உள்ளே செங்கீழ்க் கதிர்க் குழாய்கள் இருக்கும். அக்கதிர்கள் உலோகத் தகடுகளைச் சூடாக்கும். ஒரு விசிறி அத்தகடுகளின் சூட்டைக் காற்றாக வெளியே ஊதும். அதாவது, கதிரில் பெரும்பகுதி பெட்டியை விட்டு வெளியேறுவதே இல்லை. வருவது வெறும் சூடான காற்று. எந்த இயல்பைப் புகழ்ந்து பெட்டியை விற்றார்களோ, அந்த இயல்பையே பெட்டிக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள்.

பத்திரிகைத் துண்டின் பின்புறத்தில் அக்காவுக்குக் கணக்கெழுதிக் காட்டினேன். அந்தக் காலாண்டில் மின்சாரம் அலகுக்கு ஏறத்தாழ 25 பென்ஸ். எரிவாயு 6 பென்ஸ் சொச்சம். அவர் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் பெட்டியைப் போட்டு வந்தார். பதினைந்து அலகு, மூன்று பவுண் எழுபத்தைந்து பென்ஸ். மாதத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு பவுணுக்கு மேல். அதே மூன்று பவுண் எழுபத்தைந்து பென்ஸுக்கு எரிவாயு வாங்கினால் ஐம்பத்தொன்பது அலகு கிடைக்கும். பொயிலர் பத்தில் ஒரு பங்கைப் புகைபோக்கியில் விட்டாலும், ஐம்பது அலகுக்கு மேற்பட்ட வெப்பம் வீட்டுக்குள் வரும். பதினைந்து எங்கே, ஐம்பது எங்கே? பணத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, ஒரு மூலையைச் சூடாக்குவதற்கு முழு வீட்டின் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார் அக்கா.

அவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் பதினாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். கணக்கை மறைத்தது அச்சம். 1997 முதல் பிரித்தானிய முதியோருக்கு வழங்கப்பட்டுவந்த குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு, 2024 யூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் விடுத்த அறிவிப்பினால், ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு நின்றுபோயிற்று. மிகக் குறைந்த வருமானத்துக்கான உதவிகளைப் பெறுவோருக்கு மட்டுமே அது எஞ்சியது. அத்தானின் ஓய்வூதியத்தில் ஒரு பகுதி அக்காவுக்கு வருவதால், அந்த எல்லைக்குச் சில பவுண்கள் மேலே அவர் நின்றார். இருநூறு பவுண் போயிற்று என்பதைவிட, அரசு தம்மைக் கைவிட்டது என்ற எண்ணமே அவரைப் பொயிலரை அணைக்கச் செய்தது. 2025 யூனில் அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாதவர்களுக்கு அக்கொடுப்பனவை மீண்டும் தருவதாக அறிவித்தது. ஆனால் அந்த ஒரு குளிர்காலம் போனது போனதுதான். அதிலே பெட்டி விற்றவர்கள் விற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கருவியை முற்றாக ஒதுக்கிவிடுவதும் நியாயமன்று. விசிறியில்லாமல், திறந்த முகப்புடன், கதிரை நேரே வீசும் வகைகள் உள்ளன. அவற்றின் பயன் என்னவென்பதை நமது மொழியே சொல்லித் தருகிறது. குளிர்காய்தல் என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. அது ஆள் செய்யும் செயல், வீடு செய்வதன்று. மன்னரோடு பழகுவதற்கு வள்ளுவர் தீக்காய்வாரை உவமையாக எடுத்ததும், நெருங்கினால் சுடும், விலகினால் குளிரும் என்ற இந்தத் தொலைவுக் கணக்கைக் கண்டுதான். முன்னொரு காலத்தில் செய்தி சேகரிக்கச் சென்று நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் இரவு தங்கினேன். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். ஜனவரியில் சில இரவுகள் புல்லின்மேல் உறைபனி படியும் ஊர். பத்தடி அகல அறையில், அடுப்பைச் சுற்றி ஐந்துபேர் குந்தியிருந்தோம். முகமும் உள்ளங்கைகளும் இதமாக இருந்தன, முதுகு விறைத்தது. சுவரிலே ஈரம் கசிந்தது. அந்த அடுப்பு வீட்டைச் சூடாக்கும் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கப் போகுமுன் கையைச் சூடாக்கிக்கொள்ள உதவியது, அவ்வளவே.

2022இல் எரிசக்தி விலை ஏறியபோது, வீட்டைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்குங்கள் என்ற ஆலோசனை பிரித்தானியாவில் பரவியது. ஆலோசனை கெட்டதன்று. மின்கம்பளமும் சுடுநீர்ப் பையும் மிகச் சொற்பச் செலவில் ஓர் உடலைக் காக்கும். ஆனால் அதை வாழ்க்கை முறையாக எடுத்துக்கொண்டால் வீடு பழிவாங்கும். அக்காவின் பின்னறையில் உடுப்பு அலுமாரியைச் சற்று நகர்த்திப் பார்த்தேன். சுவர் முழுவதும் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம். சமையலிலும் குளியலிலும் மூச்சிலும் எழும் ஈரம், சூடேறாத சுவரில் போய்ப் படிகிறது. இது அழகுப் பிரச்சினை அன்று. ரொச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இறந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுப் பிள்ளையின் சாவுக்கு, வீட்டிலிருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டு வழிகாட்டல், குளிர்நாடுகளில் வீட்டின் உள்வெப்பநிலை 18 பாகைக்குக் குறையலாகாது என்கிறது. எழுபத்தேழு வயதில் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் அது அலங்காரமன்று. பெட்டியின் முன் இருக்கும்வரை அக்கா சூடாக இருந்தார். குளியலறைக்கு எழுந்து போனபோதெல்லாம் 11 பாகைக்குள் நடந்துபோனார்.

தீயைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் 2022 ஜனவரி 9ஆந் திகதி, அடுக்குமாடி வீடொன்றில் நாட்கணக்கில் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்த மின்சூடேற்றி ஒன்றிலிருந்து தீ தொடங்கியது. தானாக மூடவேண்டிய கதவுகள் மூடவில்லை. புகை மாடிப்படி வழியே ஏறியது. எட்டுப் பிள்ளைகள் உட்படப் பதினேழு பேர் மாண்டனர். அவர்களுள் பலர் கம்பியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர். குளிர்நாட்டுக்குப் போன நம்மவர் வீடுகளிலும் இதே காட்சியைக் காண்கிறேன்: பல சாதனங்கள் செருகிய நீட்டிப்பு வயரில் சூடேற்றியும் ஒன்று; அதற்கு எதிரே கதிரையில் காயப்போட்ட துவாய். அக்கா வீட்டில் காய்ந்துகொண்டிருந்தது ஒரு பருத்திச் சேலை. 1500 வாற்றுக் கருவியை நேரே சுவர்ச் செருகியில் மட்டுமே பொருத்த வேண்டும். திரைச்சீலையும் துணியும் மூன்றடிக்குள் வரலாகாது. உறங்கப் போகுமுன் அணைக்க வேண்டும். இதை அக்காவிடம் தம்பியின் உரிமையோடு சற்று உரத்தே சொன்னேன்.

குறை வீட்டுச் சுவரிலும் கூரையிலும் இருக்கிறது என்பது எனது கருத்து. ஐரோப்பாவில் மிகப் பழைய வீடுகள் மிகுந்த நாடுகளில் ஒன்று பிரித்தானியா. அந்த வீடுகளுக்குக் கூரைக் காப்பும் சுவர்க் காப்பும் இடும் வேலைகள் 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெகுவாக வீழ்ந்தன. எரிசக்திப் பட்டியலில் சில பவுண்களைக் குறைத்துக்காட்ட அன்றைய அரசு அத்திட்டங்களைச் சுருக்கியது. அன்று இட்டிருக்கவேண்டிய பஞ்சு இன்று இல்லாத இடத்திலேதான் பெட்டி விற்பவருக்குச் சந்தை பிறக்கிறது. அக்காவின் வீட்டுக் கூரைக்குள் மருமகன் ஏறிப் பார்த்தான். இரண்டு அங்குலப் பஞ்சு, அதுவும் எலி கொறித்தது. பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் அதன் ஒரு பகுதியையாவது நிரப்பியிருக்கலாம்.

"அப்ப இந்தப் பெட்டியை என்ன செய்யிறது தம்பி? திருப்பிக் குடுக்கிற நாளும் போட்டுது" என்று கேட்டார் அக்கா. பொயிலரை 18 பாகையில் வைத்துவிட்டு, காலையில் சாமியறையில் தேவாரம் படிக்கும் அரைமணிநேரத்துக்கு மட்டும் பெட்டியைப் போடும்படி சொன்னேன். அரைமணிக்கு இருபது பென்ஸுக்கும் குறைவு. சற்று யோசித்துவிட்டு, "திருவாசகமும் படிச்சால் ஒரு மணித்தியாலம் வரும்" என்றார்.

நான் கொழும்புக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குப் பின் தொலைபேசியில் பேசினார். அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதி ஒருவர் அதே பெட்டிக்குப் பணம் கட்டவிருந்தாராம். பத்திரிகைத் துண்டின் உச்சியிலிருந்த அந்தச் சிறிய சொல்லைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பின்புறக் கணக்கோடு அக்கா அவருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.