முடிச்சைக் கண்டதும் காசநோய் மருந்தா?

நுரையீரலின் மேல்மடலில் 12 மில்லிமீட்டர் முடிச்சு. சளியில் கிருமி இல்லை. மாண்டூ பாசிட்டிவ், இஎஸ்ஆர் சற்றுக் கூடுதல். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு காசநோய் மருந்தைத் தொடங்கி, "இரண்டு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்று நோயாளியை அனுப்பிவைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதை நாம் கைவிட வேண்டும். மாண்டூ பாசிட்டிவ் என்றால் எப்போதோ கிருமி உடலுக்குள் புகுந்திருக்கலாம், அவ்வளவுதான். அந்த முடிச்சுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்னும்போது நம் எண்ணம் முதலில் காசநோய்ப் பக்கம் போவது இயல்பே. முடிச்சு புற்றுநோயா என்று கணிக்க நம் கையில் இருக்கும் அளவுகோல்களோ வேறு மண்ணில் உருவானவை. 2011இல் வெளியான அமெரிக்காவின் என்எல்எஸ்டி ஆய்வில் 53,454 பேர் கலந்துகொண்டார்கள். குறைந்த கதிர்வீச்சு சிடி, நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைத்தது. ஆனால் அந்த சிடியில் பாசிட்டிவ் என்று வந்தவற்றில் 96 சதவீதம் புற்றுநோயே அல்ல. காசநோய் அரிதான நாட்டிலேயே நிலைமை இது. 2013இன் பிராக் கணக்கீட்டில் முடிச்சு மேல்மடலில் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடும். நம் ஊரில் பழைய காசநோய்த் தழும்பும் அதே மேல்மடலில்தான் இருக்கிறது. பெட் ஸ்கேனிலும் டியூபர்குலோமா புற்றுநோயைப் போலவே ஒளிரும். ஆகவே பிராக் மதிப்பெண்ணையோ பெட் ஸ்கேனின் எஸ்யூவி எண்ணையோ மட்டும் நம்பி எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது.

பழைய படம் கிடைத்தால் அதைவிட நல்ல பரிசோதனை இல்லை, செலவும் இல்லை. நோயாளி கொண்டுவரும் பையில் மூன்று வருடத்துக்கு முந்தைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். திடமான முடிச்சு இரண்டு ஆண்டுகள் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. மங்கலான கண்ணாடிபோல் தெரியும் முடிச்சுக்கு ஐந்து ஆண்டுகள் வேண்டும். விட்டம் 10 மில்லிமீட்டரிலிருந்து 12.6 ஆனாலே கனஅளவு இரட்டித்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. "சற்றுப் பெரிதாகியுள்ளது" என்று ரிப்போர்ட்டில் வரும் வரியைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம்.

8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திட முடிச்சில் சந்தேகம் தீரவில்லையென்றால் திசு வேண்டும். எடுத்த திசுவை அனுப்பும் விதத்தில்தான் பாதி வேலை கெடுகிறது. ஊசி வெளியே வந்ததும் முழுத் திசுவும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போய்விடுகிறது. ஃபார்மலினில் விழுந்த திசுவில் கிருமி வளராது. கல்ச்சருக்கு வழியே இல்லை. ஒரு துண்டு சலைனில் சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும், மற்றவை ஃபார்மலினில் பேத்தாலஜிக்கு என்று ஊசி குத்தும் முன்பே ரேடியாலஜிஸ்ட்டிடமும் நர்ஸிடமும் சொல்லிவைக்க வேண்டும். "குறிப்பற்ற அழற்சி" என்று வரும் பேத்தாலஜி முடிவை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊசி சரியான இடத்தில் குத்தியதா என்று ரேடியாலஜிஸ்ட்டுடன் மறுபடி படத்தைப் பாருங்கள். கிரானுலோமா தெரிந்தாலும் விஷயம் முடிந்துவிடுவதில்லை: புற்றுக்கட்டியின் ஓரத்திலும் கிரானுலோமா வரும், இரண்டு நோயும் ஒரே நுரையீரலில் இருப்பதும் உண்டு.

புற்றுநோயைக் கண்டறிவதில் இப்படி ஏற்படும் தாமதத்துக்கு அதிக விலை கொடுப்பவர்களில் புகைபிடிக்காத பெண்கள் உண்டு. இவருக்கா புற்றுநோய் வரப்போகிறது என்ற எண்ணமே காசநோய் மருந்துக்கு இட்டுச்செல்கிறது. அடினோகார்சினோமாவில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் மேலை நாட்டவரைவிட நம்மவர்களிடம் அதிகம். மாத்திரையில் கட்டுப்படக்கூடிய நோய் அது. காசநோய்க்கு நாம் தரும் ரிஃபாம்பிசினோ ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் ஆகிய அந்த மாத்திரைகளின் ரத்த அளவைக் குறைத்துவிடும்.

பயாப்சி செய்யவே முடியாத நிலையில் சில நேரம் காசநோய் மருந்தைத் தொடங்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது அடுத்த சிடிக்கான தேதியை அன்றே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அந்தப் படத்தில் முடிச்சு சுருங்கவில்லையென்றால் மருந்தை நீட்டிக்காமல், பயாப்சிக்கு வேறு வழி உண்டா என்று மார்பு அறுவை மருத்துவரிடமும் கேட்க வேண்டும். தேதிக்கு வராதவரை யார் போனில் அழைப்பது என்பதும் அன்றே முடிவாகட்டும்.