மேலே மினுக்கு, அடியில் துரு

போன வாரம் பேரனின் புல்லட்டை மெக்கானிக்கிடம் விட்டோம். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை அவர் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து குத்தினார். கறுப்புப் பூச்சு அப்பளம்போல் உடைந்து, துரு பொலபொலவென்று கொட்டியது. இரண்டே வருஷத்துக்கு முன் பவுடர் கோட்டிங் செய்த சாமான். அதை நம்பித்தான் பையன் தினமும் ஈ.சி.ஆரில் மரக்காணம்வரை போய்வருகிறான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அட்டை புதிதாக இருக்கும், உள்ளே காகிதம் செல்லரித்துக் கிடக்கும். ஆபீசில் அப்படி எத்தனையோ ஃபைல் பார்த்தவன் நான். இதுவும் அதே கதைதான்.

பவுடர் கோட்டிங் மோசம் என்று சொல்லவில்லை. மின்னூட்டம் ஏற்றிய தூளைத் தூவி, சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். சாதாரண பெயிண்டைவிடக் கெட்டி. ஆனால் அது வெறும் போர்வை. ஒரு கல் தெறித்துக் கீறினால் போதும், எங்கள் பெரிய முதலியார்சாவடி உப்புக்காற்று அந்த வழியே நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே பரவும். மேலே பளபளப்பு கெடாது, அதனால் கண்ணுக்கும் தெரியாது. ஆபத்தே அங்கேதான். குரோமும் அப்படித்தான். அதன் நுண்ணிய துளைகளில் ஈரம் இறங்கினால் அடியில் உள்ள இரும்பு புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

துத்தநாகத்தின் குணம் வேறு. கீறல் விழுந்தாலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்கு 1837-ல் காப்புரிமை வாங்கியவர் ஸ்தானிஸ்லாஸ் சொரேல் என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு இதைச் சொல்லாமல் விட மனசு வருமா?

ஆகவே என் கட்சி இதுதான்: கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் நிறத்துக்கு முன்னால் அடிப்பூச்சைப் பாருங்கள். பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். பழைய துருவை மணல் அடித்து முழுக்க எடுப்பீர்களா? அன்றைக்கே பிரைமர் அடிப்பீர்களா? அது ஜிங்க் பிரைமரா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்த பிறகு கலர் கார்டை வாங்கிப் பாருங்கள். குழாய் மாதிரி உள்ளே கூடான பாகங்களில் பூச்சு உள்ளே போகாது. துருவைத் தடுக்கும் மெழுகு ஆயிலை உள்ளே அடிக்கச் சொல்லுங்கள். சைலன்சருக்குச் சூடு தாங்கும் பெயிண்ட் தனியாக வேண்டும்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 1889-ல் திறந்த ஈஃபில் கோபுரத்துக்கு, கடலே இல்லாத பாரிசில், சுமார் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கிறார்கள். நம் வண்டி எம்மாத்திரம்? வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, கீறல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவாதீர்கள்.

புது ஸ்விங் ஆர்ம் வாங்கியாகிவிட்டது. "மேட் பிளாக்கா, பளபளப்பா தாத்தா?" என்று கேட்டான் பேரன்.

"எதுவானாலும் சரி, அடியில என்ன அடிக்கிறாங்கன்னு முதல்ல கேட்டுட்டு வா" என்று அனுப்பியிருக்கிறேன்.