பகா எண்ணுக்கு ஏன் பொய்க் கணக்கு?

2024 அக்டோபரில் ஒரு புதிய பகா எண் அறிவிக்கப்பட்டது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் விடையில் 1-ஐக் கழித்தால் அந்த எண். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். அதுவரை தெரிந்த பகா எண்களிலேயே பெரியது இதுதான். கண்டுபிடித்தவர் அமெரிக்கரான லூக் டுரான்ட். பரிசு 3,000 டாலர்.

இப்படி ஒரு எண் சிக்கும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். "இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்பது முதல் குரல். "அட, உங்க ஏடிஎம் கார்டைக் காப்பாத்துறதே இந்த மாதிரி எண்தான்!" என்பது அதற்கு வரும் பதில். முதலாவது வெறும் கேள்வி. இரண்டாவது சுத்தப் பொய். கணிதத்துக்கு அதிகக் கெடுதல் செய்வது இந்த இரண்டாவதுதான்.

ஆர்எஸ்ஏ என்ற பூட்டு எப்படி வேலை செய்கிறது? இரண்டு பகா எண்களைப் பெருக்கி, பெருக்கற்பலனை மட்டும் வெளியே காட்டுவார்கள். அந்த இரண்டும் ரகசியம். பரவலாகப் புழங்கும் 2048 பிட் பூட்டில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 இலக்கங்கள்தான். சாதாரணக் கணினியே அவற்றைச் சில நொடிகளில் உருவாக்கிவிடும். நாலு கோடி இலக்க எண்ணோ உலகத்துக்கே தெரிந்தது. ஊருக்கெல்லாம் நகல் கொடுத்த சாவியால் யாராவது பீரோவைப் பூட்டுவார்களா?

சரி, பொய்யைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? நிறைய இருக்கிறது!

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, எத்தனை இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் 67-ம் இருந்தது. தவறு! அது பகா எண் அல்ல என்று 1876-ல் லூக்காஸ் நிரூபித்தார், ஒரு காரணிகூடத் தெரியாமலே. காரணிகளை 1903-ல் கோல் என்பவர் காட்டினார்: 193707721, 761838257287. வகுத்துப் பார்க்காமலே எப்படிச் சொல்ல முடிந்தது?

லூக்காஸ் தொடங்கி லேமர் செம்மைப்படுத்திய சோதனை இது. ஐந்து இரண்டுகள், அதாவது 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 4-ல் ஆரம்பியுங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள். 14 வரும். மறுபடி செய்தால் 8. மறுபடி செய்தால் 0. ஐந்தில் இரண்டு குறைவு, மூன்றே படிகள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2024-ன் ராட்சத எண்ணை உறுதி செய்ததும் இதே சோதனைதான். என்ன, அங்கே படிகள் 13 கோடிக்கும் மேல்!

பயன்தான் வேண்டுமென்றால் உண்மையானதையே சொல்லலாமே. 1994-ல் இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்த தாமஸ் நைஸ்லி, பென்டியம் சிப் வகுத்தலில் தப்புச் செய்வதைப் பிடித்தார். இன்டெல் கணக்கில் அதற்காக எழுதிய செலவு 47.5 கோடி டாலர். ஆனால் அது வழியில் கிடைத்தது. யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

ஏடிஎம் கதையை நம்பி வரும் பள்ளி மாணவன் ஒருநாள் அது பொய் என்று கண்டுபிடிப்பான். அப்போது மிச்சமிருக்கும் உண்மையையும் சேர்த்தே தூக்கிப் போடுவான். இல்லாத லாபத்தை எழுதிக் காட்டும் கம்பெனியை மோசடி என்கிறோம். கணிதத்துக்கு மட்டும் அந்தச் சலுகை எதற்கு? அதன் கையில் இருக்கும் சொத்தே போதுமே!