கடலடிக் காட்டுக்கும் வருகைப் பதிவேடு வேண்டும்!



காடு என்றதும் நமக்கு முதுமலையும் ஆனைமலையும்தான் நினைவுக்கு வரும். கடலுக்குள்ளும் காடுகள் உண்டு, தெரியுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா கரையோரம், குளிர்ந்த நீரில், 'கெல்ப்' என்ற பழுப்பு நிறக் கடல்பாசி காடு போல வளர்கிறது. நம் கடல் வெதுவெதுப்பானது. அதனால் இங்கே அது வளர்வதில்லை.

ராட்சத கெல்ப்புக்கு வேர் கிடையாது. விரல்கள் போன்ற அடிப்பகுதியால் பாறையை இறுகப் பற்றிக் கொள்ளும். காற்று நிரம்பிய சிறு பைகள் அதை மேலே தூக்கி நிறுத்தும். சூழல் நன்றாக இருந்தால் ஒரே நாளில் அரை மீட்டர் வளரும்! நீர்மட்டத்தைத் தொட்டதும் கூரை போலப் படர்ந்து மிதக்கும். அந்த நிழலில் மீன், நண்டு, கடல்நத்தை என எத்தனையோ உயிர்கள் வாழ்கின்றன.

இந்தக் காட்டை எப்படி அளப்பது? நூறாண்டுகளுக்கு முன் படகில் சுற்றிச் சுற்றி வந்து வரைபடம் போட்டார்கள். இன்று விமானம், ஆளில்லா குட்டி விமானம், செயற்கைக்கோள் ஆகியவற்றிலிருந்து படம் எடுக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். மிதக்கும் கெல்ப்போ அதைத் திருப்பி அனுப்பும். எனவே படத்தில் கடல் கறுப்பாகவும், கெல்ப் பளிச்சென்றும் தெரியும். தொலைவிலிருந்தே அறியும் இந்த முறைக்குத் 'தொலையுணர்வு' என்று பெயர்.

"படம் எடுக்கும் பணத்தில் கெல்ப்பையே நட்டு வளர்க்கலாமே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், வகுப்பில் பெயர் கூப்பிட்டால்தானே யார் வரவில்லை என்று தெரியும்? காட்டுக்கும் அப்படித்தான்.

வட கலிபோர்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 2013ல் நட்சத்திர மீன்களை ஒரு கொடிய நோய் தாக்கியது. அவை மடிந்ததும், அவற்றுக்கு இரையாகி வந்த ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பெருகின. உடம்பெல்லாம் முள்ளோடு பந்து போல இருக்கும் இந்த முள்ளெலிகளுக்குக் கெல்ப்தான் சாப்பாடு. 2014 முதல் 2016 வரை கடல்நீரும் அளவுக்கு மீறிச் சூடானது. விளைவு? சுமார் 350 கிலோமீட்டர் கரையில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட கெல்ப் காடு அழிந்தது. அதை உண்டு வாழும் சிவப்பு அபலோன் நத்தைகள் பட்டினியால் செத்தன. 2018ல் அவற்றைப் பிடிக்கவே தடை வந்தது.

கெல்ப் சில ஆண்டுகள் குறையும், பிறகு கூடும். அது இயல்பு. இது வழக்கமான குறைவு அல்ல என்று எப்படித் தெரிந்தது? லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1980களிலிருந்து விடாமல் எடுத்த படங்கள் இருந்தன. அத்தனை ஆண்டுகளில் இவ்வளவு பெரிய அழிவு ஒருமுறைகூட இல்லை! எங்கே கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்பதையும் படங்களே காட்டின. அது தெரிந்தால்தானே எங்கே காப்பது, எங்கே நடுவது என்று முடிவு செய்ய முடியும்?

அதற்காக வானத்துக் கண் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கடல்மட்டம் ஏறினாலோ, நீரோட்டம் இழுத்தாலோ மிதக்கும் கெல்ப் அமிழ்ந்துவிடும். மேகம் வந்தால் படமே கிடைக்காது. அடியில் மேயும் முள்ளெலியை மேலிருந்து பார்க்கவும் முடியாது. ஆகவே மூழ்கிப் பார்ப்பவர்களும் வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் பார்வை முழுமை.

இன்னொன்று. இத்தகைய படங்கள் பூட்டி வைக்கக் கூடாதவை. லேண்ட்சாட் படங்கள் 2008ல் எல்லாருக்கும் இலவசமாக்கப்பட்டன. அதனால்தான் 2014ல் 'மிதக்கும் காடுகள்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் தொடங்க முடிந்தது. பல நாட்டுப் பொதுமக்கள் வீட்டில் இருந்தபடியே, கணினியில் படங்களைப் பார்த்துக் கெல்ப் இருக்கும் இடங்களைக் கோடிட்டுக் காட்டினார்கள். விஞ்ஞானிக்குக் கைகொடுக்கப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

ஒரு காடு அழிவது கொடுமை. அழிந்ததே யாருக்கும் தெரியாமல் போவது அதைவிடக் கொடுமை. நீங்களும் உங்கள் ஊர்க் குளத்தையோ ஏரியையோ ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று பார்த்து, நோட்டில் குறித்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்த நோட்டு பேசும்!